ஏழு பனியன் டீமின் மேனேஜர்

ஏழு பேர் ஆடும் கால்பந்து ஆட்டம். எங்கள் டீமிடம் இருப்பதும் ஏழு பனியன்தான். ஆள் மாற்றினால், வெளியே வருபவர் கோட்டோரம் நின்று பனியனைக் கழற்றி உள்ளே போகிறவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடுவார். அதனால் எங்கள் மேனேஜர் ஆளை வெளியே எடுக்கும்போது, "கழட்டு" என்று மட்டும் சொல்வார்.

மேனேஜர் என் மனைவியின் அண்ணன். ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், முன்னால் ஆடுகிறவனை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்க ஒருவனைப் போடுவார். பிறகு எல்லாரும் எங்கள் கோல் வாசலிலேயே குவிந்து நிற்பார்கள். எதிர் டீம் அடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒன்று உள்ளே போகும். பெனால்டியில் தோற்போம். இதனாலேயே நாங்கள் ஃபைனலைப் பார்த்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று மச்சானை மனதுக்குள் திட்டுவேன். சாயங்காலம் அவர் டீ குடிக்க வந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

"அண்ணா, இவரு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறாரு. இன்னா பண்ண நீ?" என்று மனைவி கேட்பாள். அவர் சிரிப்பார்.

போன மாதம் அண்ணனூர் மைதானத்தில் செமி ஃபைனல். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஃப்ளாட்டில் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன் எங்களுக்கு முன்னால் ஆடினான். இடது காலால் ஒரு கோல் போட்டான். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மச்சான் கையைத் தூக்கினார்.

"கழட்டு."

"எடுக்காதீங்க மச்சான்!"

கத்தியது நான்தான். கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"யாரு, எங்க மாப்ளயா? பேசுமா அது?" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். "இங்க வா மாப்ளே. பக்கத்துல நில்லு. இன்னிக்கி நீதான் மேனேஜர்."

போய் நின்றேன். பையன் தொடர்ந்து ஆடினான். பின்னால் ஆட வேண்டியவன் பனியனுக்காக வெறும் உடம்போடு என் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தான். எதிர் டீம் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்ததை எங்கள் கீப்பர் குத்தி வெளியே தள்ளினான். பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றால் ஓடிவிடும் நேரம், இங்கே நகரவே இல்லை. பந்து மறுபடியும் எங்கள் பக்கம் வந்தது.

"மச்சான், எடுத்துடலாம்."

அவர் சிரிக்கவில்லை. "நீயே சொல்லு" என்றார்.

"தம்பி, கழட்டு" என்றேன்.

"அண்ணே, நீங்கதானே எடுக்காதீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே பையன் பனியனை என் கையில் கொடுத்தான். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

அதற்கப்புறம் வழக்கம்போலத்தான். விசில் ஊதப் போகும் நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். பெனால்டியில் தோற்றோம். நான் "கழட்டு" என்றது யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது. கூட்டம் மச்சானைத்தான் திட்டியது. "இன்னா நைனா, திருந்தவே மாட்டியா?" என்று ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார். மச்சான் பந்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டீ குடிக்க வந்தார்.

"இன்னிக்கும் அந்தப் பையனத் தூக்கிட்டியாமே? தெருவே பேசுது" என்றாள் மனைவி.

"ஆமாம்மா" என்றார் மச்சான், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"அவரு இல்ல. எடுத்தது நான்தான்" என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கண்ணனுக்குப் பரிஞ்சிக்கினு வராத. நீயாவது, கிரவுண்டுல வாயத் தொறக்கறதாவது!"

மச்சானுக்குப் புரையேறியது.