கப்டனும் கிளாக்கரும் என் கணவரும்

சென்ற ஆண்டு ஆனி மாதம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பில், ஒரு வேப்பமரத்தின் கீழ் இது நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுக் கிளிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் இரண்டு கிளிகள். கடையில் வாங்கியவை அல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் எங்கள் வளவில் நின்ற பட்டுப்போன தென்னை முறிந்து விழுந்தது. அதன் பொந்துக்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் கிடந்தன. தாய்க்கிளி தேடி வரும் என்று ஒரு பெட்டிக்குள் துணி விரித்து வெளியே வைத்துப் பார்த்தோம். வரவில்லை. என் கணவர் பயறை அவித்து, மசித்து, ஊசி இல்லாத மருந்துக் குழாயால் ஊட்டத் தொடங்கினார். இரண்டும் பிழைக்காது, வீணாக ஆசையை வளர்க்காதேங்கோ என்று நான் சொன்னேன். இரண்டுமே பிழைத்தன.

அவர் அப்போது துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. எந்த நேரமும் யாருக்கும் கட்டளை போடுவதுபோலத் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்ற குஞ்சுக்குக் கப்டன் என்று பெயர் வைத்தார். மூலையில் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் மற்றதற்குக் கிளாக்கர். நான் உப்புவெளியில் ஒரு அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் கிளாக்கர் வேலை செய்பவள். அந்தப் பெயரை ஏன் வைத்தார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஒரு கிளி வளர்ப்பது வேறு, இரண்டு வளர்ப்பது வேறு. ஒரு கிளி நம் வீட்டில் இருக்கும். இரண்டு இருந்தால் நாம்தான் அவற்றின் வீட்டில் இருப்போம். கலண்டரைக் கிழித்தது யார் என்று கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். ஒரு உறைப்புக் கொச்சிக்காய்க்குச் சண்டை பிடிக்கும்; ஆளுக்கொன்று கொடுத்தாலும் மற்றதன் வாயில் இருப்பதுதான் வேண்டும். பொழுதுபட்டால் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு உறங்கும். கப்டன் என் கணவரின் குரலில் “ஆர் அது? உள்ளுக்கு வாங்கோ” என்று வாசல் படலையில் வருகிறவர்களை எல்லாம் அழைக்கும். அவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய மனிதர். அந்தக் கரகரப்பைக்கூட விடாமல் கப்டன் பிடித்து வைத்திருந்தது. கிளாக்கருக்குப் பேச்சு வராது. ஆனால் என் தொலைபேசி மணிச் சத்தத்தை அப்படியே எழுப்பும். குசினியில் சமைத்த கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறேன்.

பிறகு அவருக்குத் தொண்டை அடைத்தது. படகில் கத்தியதால் வந்தது என்று கொஞ்சக் காலம் விட்டுவிட்டோம். கொழும்பில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்து, இனி அதன் வழியாகத்தான் மூச்சு என்றார்கள். உயிர் மிஞ்சியது பெரிய காரியம். அதற்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஒழுங்கை முழுவதற்கும் கேட்ட அந்தக் குரல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபின் அவர் வெளியே போவதை நிறுத்தினார். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு துணி. கனடாவில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பு எடுத்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். ஆட்கள் பார்க்க வந்தால் அவர் எதிரில் கதிரையில் இருக்கும்போதே என்னைத்தான் கேட்பார்கள்: “சாப்பிடுறாரோ? நித்திரை கொள்ளுறாரோ?” நானும் அவருக்காகப் பதில் சொல்வேன். அது அவருக்குச் செய்யும் உதவி என்றுதான் நினைத்திருந்தேன். எழுதிக் காட்டுவதற்கு ஒரு சிலேட்டு வைத்திருந்தார். நாள் போகப் போக அதையும் எடுப்பது குறைந்தது.

கிளிகளுக்கு மட்டும் எழுதிக் காட்ட முடியாதே. அதனால் அவற்றோடு அவர் நாக்கைச் சொடுக்கிப் பேசத் தொடங்கினார். தீன் கொடுக்கும்போது ஒருவிதமான சொடுக்கு, கூண்டுக்குள் போகச் சொல்லும்போது இன்னொரு விதம், சும்மா கொஞ்சுவதற்கு வேறொன்று. பேச்சு வராத கிளாக்கர்தான் அதை முதலில் பிடித்தது. அவர் சொடுக்கினால் அதுவும் சொடுக்கும். பிறகு கிளாக்கரிடமிருந்து கப்டன் படித்தது. கொஞ்சக் காலத்தில் கப்டன் “ஆர் அது” சொல்வதையே விட்டுவிட்டது. அந்தச் சொல்லுக்கு வீட்டில் பதில் கிடைக்கவில்லை, சொடுக்குக்குக் கிடைத்தது, அதனால் இருக்கலாம். நான் குசினியில் நிற்கும்போது விறாந்தையில் மூன்று பேரும் மாறி மாறிச் சொடுக்குவது கேட்கும். எது மனிதர், எது கிளி என்று எனக்குத் தெரியாது. அவர் சந்தோஷமாக இருக்கிறார், அது போதும் என்று என் வேலையைப் பார்ப்பேன்.

அன்றைக்கு வழக்கம்போல பின்னேரப் பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினேன். காற்றில் கண் திறக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒழுங்கைக்குத் திரும்பினால், முகப்பில் வேப்பமரத்தின் கீழ் ஒரு கூட்டம். ஓட்டோக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிர்வீட்டார், கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து விற்பவர் ஒருவர். எங்கள் ஊர்த் தெருக்களில் திரிந்து, வழக்கமாக அந்த நிழலில் படுத்திருக்கும் மான்கள்கூட எழுந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்தின் நடுவில் என் கணவரின் தலை தெரிந்தது.

விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் விழவில்லை. இடுப்பில் வீட்டுச் சாரத்தோடு, காலில் செருப்பு இல்லாமல், ஒரு கையில் கூண்டோடு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கூண்டுக்குள் கிளாக்கர் மட்டும். கழுத்தில் துணி இல்லை. அந்தத் துளை எல்லோருக்கும் தெரிய, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பின்னேரத்தில் கிளிகளை விறாந்தையில் பறக்கவிடுவது வழக்கம். சுற்றிவர வலை அடித்திருக்கிறோம். காற்று வலையின் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டது. எங்கேயோ தகரம் ஒன்று கழன்று விழுந்த சத்தத்தில் வெருண்டு, கப்டன் அந்த வழியால் பறந்துவிட்டது. அவர் கிளாக்கரைப் பிடித்துக் கூண்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் படலையைத் தாண்டாத மனிதர்.

நான் செய்த முதல் வேலை, என் கைலேஞ்சியை எடுத்து அவருடைய கழுத்தை மறைக்கப் போனதுதான். அவர் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

கப்டன் உச்சிக் கொப்பில் இருந்து வேப்பம்பழம் தின்றுகொண்டிருந்தது. குஞ்சிலிருந்தே வீட்டுக்குள் இருந்த கிளி. காகங்கள் இரண்டு ஏற்கெனவே பக்கத்துக் கொப்புக்கு வந்துவிட்டன. இன்னும் கொஞ்சம் மேலே எழும்பினால் இந்தக் காற்று அதைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும். பிள்ளைகள் கத்திக் கத்திக் கூப்பிட்டார்கள். ஒருவர் கல்லெறிந்து காகத்தைக் கலைக்கப் பார்த்தார். எல்லாமாகச் சேர்ந்து அதை இன்னும் வெருட்டிவிட்டன.

தயிர்க்காரர்தான் என் கணவருக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தை நேரே பார்த்தார். கழுத்தையும் பார்த்தார், கண்ணை மாற்றவில்லை.

“அண்ணன், நீங்க இதை எப்பிடிக் கூப்பிடுற? ஒருக்காக் காட்டுங்க.”

நான் இடையில் புகுந்தேன். “அவருக்குக் கதைக்க ஏலாது” என்றேன்.

தயிர்க்காரர் என் பக்கம் திரும்பினார். “ஓம் அக்கா. நாங்க இவ்வளவு நேரமும் கதைச்சிட்டுத்தான் நிக்கிறம்” என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கிளி எப்படி வெளியேறியது, எந்தப் பக்கத்தால் வந்தது, கூண்டில் இருப்பது அதன் சோடி அல்ல, கூடப் பிறந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கையாலும் கண்ணாலும் என் கணவர் சொல்லியிருக்கிறார். நான் வருவதற்கு முன்பே அவர்கள் இருவரும் ஊர்க்கதை பேசுகிறவர்கள்போல எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கைலேஞ்சியைக் கைக்குள் மடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

என் கணவர் நாக்கைச் சொடுக்கிக் காட்டினார். தயிர்க்காரரும் சொடுக்கிப் பார்த்தார். முதலில் சரிவரவில்லை. என் கணவர் இல்லை என்று தலையாட்டி, வாயை அகலத் திறந்து நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினார். இரண்டாம் முறை சரியாக வந்தது. பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டோக்காரர்களும் தொடங்கினார்கள். வேப்பமரத்தடியில் நின்ற அத்தனை பேரும், வயது வித்தியாசம் இல்லாமல், மரத்தை அண்ணாந்து நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒழுங்கைக்குள் புதிதாக யாராவது வந்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ.

கப்டன் தின்பதை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தது. பிறகு, எத்தனையோ மாதமாக நாங்கள் கேட்காத அந்தக் குரலில், உரக்கச் சொன்னது.

“ஆர் அது? உள்ளுக்கு வாங்கோ.”

கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது யாருடைய குரல் என்று அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மரத்தின் உச்சியில் அவருடைய குரல், மரத்தின் கீழே அவர். அவர் முகம் எப்படி ஆகப்போகிறதோ என்று பயந்துகொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை; தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தயிர்க்காரரின் தோளைத் தட்டி, மரத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“உங்கட குரலா அது?” என்று கேட்டார் தயிர்க்காரர். “மாஷா அல்லாஹ், நல்ல குரல்.”

என் கணவர் ஓம் என்று தலையாட்டினார். அதில் ஒரு பெருமை இருந்தது.

அதன்பிறகு அவர் கையை உயர்த்தினார். படகில் நின்று கயிறு இழுப்பதை நிறுத்தச் சொல்லும் கை. கூட்டம் அப்படியே அடங்கியது. பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை. கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சுவதற்கென்று வைத்திருக்கும் அந்தச் சொடுக்கை மெதுவாகக் கொடுத்தார். கூண்டுக்குள் இருந்து கிளாக்கர் அதையே திருப்பிக் கொடுத்தது. மறுபடி அவர். மறுபடி கிளாக்கர். இரண்டு பேரும் அவசரப்படவில்லை.

மேலிருந்து மூன்றாவது சொடுக்கு கேட்டது.

கப்டன் ஒரு கொப்பு இறங்கியது. பிறகு இன்னொன்று. நடுவில் காற்று ஓங்கி அடிக்க, சிறகை விரித்துத் தடுமாறியது. ஆனால் விடவில்லை, கொப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் பறந்து வந்து, கூண்டில் அல்ல, என் கணவரின் தலையில் இறங்கியது. உடனே தலைமயிரைக் கோதத் தொடங்கியது. எங்கே போயிருந்தாய் என்று அவரைக் கேட்பதுபோல இருந்தது. கூண்டின் கதவைத் திறந்ததும் தானாக உள்ளே போய், கிளாக்கரின் தீன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் இருந்துகொண்டது. கிளாக்கர் என் தொலைபேசி மணியை அடித்தது. அங்கே நின்ற நாலைந்து பேர் தங்கள் சட்டைப் பையைத் தடவினார்கள்.

கூட்டம் உடனே கலையவில்லை. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள், அவரிடமே கேட்டார்கள். என்ன தீன் கொடுக்கிறது, எத்தனை வயது, கடிக்குமா. அவர் கையால் சொன்னார், விளங்காதவர்கள் மறுபடி கேட்டார்கள், மறுபடி சொன்னார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

தயிர்க்காரர் புறப்படும்போது என் கணவர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, வீட்டைக் காட்டினார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் என்று எனக்கே விளங்கியது. தயிர்க்காரர், பொழுது போய்விட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார். இப்போதும் எங்கள் பக்கம் வந்தால் படலையில் நின்று நாக்கைச் சொடுக்குவார். உள்ளேயிருந்து மூன்று பதில் வரும்.

வலையைப் புதிதாக, இரட்டையாக அடித்துவிட்டோம். என் கணவர் இப்போது பின்னேரங்களில் கடற்கரைக்குப் போகிறார், சந்தைக்குப் போகிறார். சில நாள் கழுத்தில் துணி கட்டுவார், சில நாள் மறந்துவிடுவார். மகன் வீடியோவில் எடுத்தால் கிளிகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்குச் சொடுக்கக் கற்றுக்கொடுத்து, எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே இரைச்சல்.

நானும் படித்துக்கொண்டேன். தீனுக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று, கொஞ்சுவதற்கு ஒன்று. இரண்டு கிளிகளுக்கும் எப்போதோ வந்துவிட்ட அந்தப் பேச்சு அதே வீட்டில் இருந்த எனக்கு வர அவ்வளவு காலம் எடுத்தது. ஆனாலும் இப்போது வேலை முடிந்து வந்து விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தால், எங்களுக்குள் சொல்லாமல் விட்டது என்று எதுவும் மிஞ்சவில்லை என்ற நிறைவோடுதான் எழும்புகிறேன்.