இரண்டாவது கார்டும் ஐந்து ஆம்பியரும்

முதலில் கூடத்து விளக்கு. அடுத்து மின்விசிறி. அப்புறம் தொலைக்காட்சி, அதை அணைத்தால் போதாதென்று பிளக்கையும் பிடுங்கிவிடுவான். மகள் ஸல்மாவின் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, “போன்ல லைட் இருக்குல்ல, அதை வெச்சுப் படி” என்பான். கடைசியாகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து, அது ஓடுகிறதா ஓய்கிறதா என்று பார்ப்பான். கணினியின் முன் உட்காருமுன் நஸீஹ் இப்படி ஒரு சுற்று வருவதை ஹியாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஸைதா என்கிற அந்தக் கடற்கரை ஊரில் அரசாங்க மின்சாரம் அதன் இஷ்டத்துக்கு வரும். மற்ற நேரமெல்லாம் தெருமுனை ஜெனரேட்டர்காரன் கொடுப்பதுதான். இந்த வீட்டுக்கு அவன் கொடுப்பது ஐந்து ஆம்பியர். கூடக் கேட்டால், “இந்தத் தெருவுக்கு இனி இடமில்லை” என்று கையை விரிக்கிறான். ஐந்துக்கு மேல் இழுத்தால் கீழே தெருச் சுவரிலிருக்கும் பெட்டிக்குள் பிரேக்கர் விழும். ஐந்தாம் மாடியில் வீடு இருண்டுபோகும்.

நஸீஹ் பகலெல்லாம் பள்ளி வேன் ஓட்டுகிறான். கடற்கரைச் சாலை நெரிசலில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகிறவன், சாயங்காலமானால் திரையில் பந்தயக் கார் ஓட்டுவான். ஸ்டீயரிங் உண்டு. காலுக்கு மிதி உண்டு. வளைவு வந்தால் நாற்காலியோடு சேர்ந்து சாய்வான். வேனில் ஒருநாளும் சீட் பெல்ட் போடாதவனுக்கு, இங்கே உட்கார்ந்ததும் கை தானாகத் தோள்பக்கம் போகும்.

பிரேக்கர் விழுந்தாலும் கணினி உடனே அணையாது. மேஜைக்குக் கீழே ஒரு யு.பி.எஸ். பெட்டி இருக்கிறது.

“ஹியாம், ஓடு! பேட்டரி நாலு நிமிஷம்தான் தாங்கும்!”

அவள் தொழுகைத் துணியை வீட்டு உடைக்கு மேல் போட்டுக்கொண்டு ஓடுவாள். லிப்ட் ஜெனரேட்டரில் ஓடாது. கைப்பிடியைத் தடவித் தடவி ஐந்து மாடி இறங்குவாள். பெட்டியை ஒட்டியே அபூ தவ்ஃபீக்கின் காய்கறிக் கடை. “என்ன உம் ஸல்மா, உங்க வீட்டு வண்டி மறுபடி கவுந்துடுச்சா?” என்பார். ‘உம் ஸல்மா’ என்றால் ஸல்மாவின் அம்மா. கடையில் நிற்கிற ஆண்கள் சிரிப்பார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பிரேக்கரைத் தூக்கிவிட்டு, காதெல்லாம் எரிய மாடியேறுவாள். பால்கனியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் அபூ தவ்ஃபீக்கே தூக்கிவிடுவார். ஆனால் அவளுக்குத் தெருவைப் பார்த்துக் கத்த வராது. நஸீஹோ, “ஊரே கேக்கும், மானம் போயிடும்” என்பான். அவள் இருட்டில் இறங்கி ஓடினால் போகாத மானம்.

இரண்டு வருஷமாக அவன் வாயில் ஒரே பேச்சு. இன்னொரு கிராபிக்ஸ் கார்டு போடலாமா, வேண்டாமா? ஏற்கெனவே இருப்பதன் பக்கத்தில் இன்னொன்று, அதே ஜாதி. “போட்டா கண்ணாடியில விழற மழைத்துளி ஒண்ணொண்ணா தெரியும். மரத்துல இலையை எண்ணலாம்.” முடிவெட்டுகிறவனிடம் கேட்டான். ரொட்டிக் கடையில் கேட்டான். பிள்ளையை ஏற்றிவிட வாசலுக்கு வந்த தாய்மார்களிடம்கூட வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பழைய கணினிச் சாமான் விற்கிற பாஸில் என்பவன் மட்டும்தான் விஷயம் தெரிந்தவன்.

“ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு வேகம்னு எவன் சொன்னான் உனக்கு? வேகம் ஒண்ணரை மடங்கு வரும், சூடு மூணு மடங்கு வரும். பாதி விளையாட்டு ரெண்டாவது கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.”

“அப்ப வேண்டாம்ங்கறியா?”

“நான் விக்கிறவன். வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?”

ஊர் முழுக்கக் கேட்டவன் ஹியாமிடம் கேட்கவில்லை. அந்த வீட்டின் ஐந்து ஆம்பியரில் அவளுக்கும் பங்குண்டு என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

அவள் பங்கு ஒரு பிரீசர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பேச்சு வராது, கை வரும். கோதுமை ரவையையும் இறைச்சியையும் சேர்த்து இடித்து, ஈரவிரலால் குடைந்து, உள்ளே பைன் கொட்டை வைத்து, இரண்டு முனையும் கூராக மூடிக் கிப்பே என்கிற இறைச்சி உருண்டை செய்வாள். ஒன்றையொன்று தொடாமல் தட்டில் அடுக்கி உறையவைத்து, பிறகு பையில் கட்டுவாள். ரமலானுக்கு அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் அவளிடம்தான் சொல்லிவைக்கும். “ஹியாம் கை பட்டதுன்னா கண்ணை மூடிக்கிட்டு எண்ணெயில போடலாம்” என்பார்கள். அவளைப் பற்றி ஊரில் யாராவது ஏதாவது சொன்னார்கள் என்றால் அது இது ஒன்றுதான்.

இந்த வருஷம் நோன்புக்கு ஒரு வாரம் இருக்கையில், தங்கைக்குக் குழந்தை பிறந்ததென்று ஸல்மாவோடு பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் நஸீஹ் வாசலிலேயே நிற்கிறான், முகமெல்லாம் பல்.

“பாஸில் ஒருநாளைக்கு இரவல் குடுத்தான். ரெண்டு கார்டு! வல்லாஹி, சத்தியமா, தண்ணி மாதிரி ஓடுச்சு. பிரேக்கர் ஒரு தடவைகூட விழலை!”

ஐந்து ஆம்பியர் இதை எப்படித் தாங்கியது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அன்று கீழே ஓடவேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முதல் வீட்டுக்குக் கொடுக்கப் பையை எடுத்தாள். கிப்பேக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. பையின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பனிக்கட்டி. அடுத்த பை. அதற்கடுத்தது. எல்லாம் அப்படியே.

“பிரீசரை நிறுத்துனீங்களா?”

“ஃபிரிட்ஜோட சேர்த்து ஒரு மூணு மணி நேரம் இருக்கும். நாலு.”

“உருகியிருக்கு.”

“மறுபடி உறைஞ்சுடுச்சுல்ல? அப்புறம் என்ன?”

“இறைச்சி இது.”

“எண்ணெயில வெந்தா எல்லாம் சரியாப் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது, ஹியாம்?” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “நானே சொல்லணும்னு இருந்தேன். கார்டை எனக்குன்னு எடுத்துவைக்கச் சொல்லிட்டேன். சாயங்காலம் மட்டும் இதை நிறுத்திக்கலாம். நீ மூடியைத் திறக்காம இருந்தாப் போதும்.”

நீ மூடியைத் திறக்காமல் இருந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணெயில் போடுகிற பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்தன. நோன்பு திறக்க உட்காருகிற பிள்ளைகளின் முகங்களும்.

கறுப்புப் பைகளில் எல்லாவற்றையும் போட்டாள். அவன் “பைத்தியமா உனக்கு?” என்று படிவரை வந்தான். ஒரு பையையும் வாங்கிக்கொள்ளவில்லை. நான்கு நடை ஏறி இறங்கி, பட்டப்பகலில் தெருத் தொட்டியில் கொட்டினாள். பூனைகள் ஓடிவந்தன.

“என்ன உம் ஸல்மா, ஊர்ப் பூனைக்கெல்லாம் கல்யாண விருந்தா?” என்றார் அபூ தவ்ஃபீக்.

அவள் நின்றாள். எத்தனையோ வருஷக் கேலியில் முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உங்க கடையில ஒரு பிளக் காலியா இருக்குமா?”

கையில் தக்காளியோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். “எதுக்கு மகளே?”

“பிரீசர் வைக்க.”

அவர் தொட்டியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மேலே ஐந்தாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். “வெங்காய மூட்டையை நகர்த்தினா இடம் இருக்கு. ஜெனரேட்டர்ல என் லைன் பெரிசு. வாரத்துக்கு ஒரு தட்டு கிப்பே குடுத்துடுங்க, கணக்கு சரி” என்றார்.

இரண்டு கூலிக்காரர்கள் பிரீசரைப் படியில் இறக்கினார்கள். அதற்கு மட்டும் நஸீஹ் தானே வந்து ஒரு மூலையைத் தாங்கினான். “நல்ல யோசனை ஹியாம்! இது எனக்குத் தோணவே இல்லையே!” என்றான். நிஜமான சந்தோஷம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவன் கையை விட்டு, அது அவன் காலிலேயே விழட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு அவள் இன்றுவரை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது கார்டு போட்டாயிற்று. பாஸில் சொன்னதுபோலவே அந்த அறை அடுப்பாகக் கொதிக்கிறது. மழைத்துளி ஒவ்வொன்றாகத் தெரிகிறதாம். பிரீசர் போயும் ஐந்து ஆம்பியர் போதவில்லை. ஃபிரிட்ஜ் உறுமி எழும்போதெல்லாம் பிரேக்கர் விழுகிறது. முன்பு நான்கு நிமிஷம் தாங்கிய பேட்டரி இரண்டு கார்டுக்கு இரண்டு நிமிஷம்கூடத் தாங்குவதில்லை.

“ஹியாம்! பிரேக்கர்! சீக்கிரம்!”

ஐந்தாம் மாடிப் பால்கனியிலிருந்து தெரு முழுக்கக் கேட்கக் கத்துகிறான். போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அபூ தவ்ஃபீக் கொத்தமல்லியைக் கட்டியபடி ஹியாமைப் பார்க்கிறார். அவள் கடை ஓரத்தில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில், முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு. அருகில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர். அவர் அடுத்த கொத்தை எடுக்கிறார்.

பிரேக்கர் பெட்டி அவள் தலைக்கு மேலேயே இருக்கிறது. உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டும். அவள் விரலைத் தண்ணீரில் நனைத்து, கிப்பேயின் முனையைக் கூராக மூடித் தட்டில் வைக்கிறாள். அடுத்த உருண்டையை எடுக்கிறாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி வருகிறது.