குழல் வாயில் சந்தனம்

யோகேஸ்வரிக்கு வயது நாற்பத்தெட்டு. மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டம், அதில் பாதி புதுக்கன்று. அந்தக் கன்றுகளின் குருத்தைத்தான் காட்டுப்பன்றிகள் விருந்துக்கு வந்ததுபோல் வாராவாரம் தின்றுவிட்டுப் போயின. வீட்டில் துப்பாக்கி இருந்தது, சுடத்தான் ஆளில்லை. கணவர் தங்கராஜுவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

உரிமம் மனைவி பேருக்கு மாற வேண்டுமானால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். இந்த மாத வகுப்பை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை ஒரு கன்றும் மிஞ்சாது.

"பன்னி சுடறதுக்குப் பாடம் படிக்கணுமாம்லா! நான் எந்த ஸ்கூல்ல படிச்சேன்?" என்று தங்கராஜு சிரித்தார். மனுஷனுக்குக் கைதான் விழுந்தது, வீம்பு விழவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் சாவி இருபத்திரண்டு வருடமாக அவர் அரைஞாணில்தான் தொங்கியது. வகுப்புக்குப் புறப்பட்ட அன்றும் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, மகள் லோஷினியைக் கூப்பிட்டு மறுபடி இடுப்பில் கட்டச் சொன்னார். அப்பாவின் அழும்பைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

குளுவாங் பக்கத்துச் சுடுதளத்தில் பதினேழு பேர். பெண் இவள் ஒருத்திதான். பயிற்சி அதிகாரி ஹஸ்புல்லா காலை முழுக்க மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார்: குழலை ஆள்மேல் திருப்பாதே, மற்றவர்கள் சுடுபவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், விசையில் விரலைக் கடைசியில் வை, தோட்டா போடுமுன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார். எழுத்துத் தேர்வில் அவளுக்கு நாற்பதுக்கு முப்பத்தாறு. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் சுடும் தேர்வு. பெயரைக் கூப்பிட்டதும் துப்பாக்கியை மடக்கிக் குழலுக்குள் பார்த்தாள். வெளிச்சம் இல்லை. மறுபடி பார்த்தாள், கும்மிருட்டு.

ஆயுத பூசை! அன்றைக்குத் தங்கராஜு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "குழல் வாயில வைமா, நல்லா அப்பு" என்று அதிகாரம் பண்ணினார். அவளும் கஞ்சம் பிடிக்காமல் சந்தனத்தை அப்பி, ஒரு செவ்வந்திப் பூவையும் செருகி வைத்தாள். அதற்குப் பிறகு நாலு மாதமாக அந்தத் துப்பாக்கியை யாரும் தொடவில்லை.

சொன்னால் மானம் போகும். சான்றிதழும் போகலாம். ஒரு பொட்டுச் சந்தனம் தோட்டாவை என்ன செய்துவிடும் என்றும் மனசு கேட்டது. ஆனாலும் கையைத் தூக்கிவிட்டாள். "என்சே, குழல் அடைச்சிருக்கு. நான் சுட மாட்டேன்," என்றாள் அதிகாரியிடம், மலாயில்.

ஹஸ்புல்லா கம்பியை விட்டுக் குத்தினார். இறுகிப்போன சந்தனமும் காய்ந்த பூவும் விழுந்தன. "அலமாக்! பக்தியான துப்பாக்கிலா!" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இதோடு சுட்டிருந்தால் குழல் இவர் முகத்துக்கு எதிரே வெடித்திருக்கும்," என்றார். சிரிப்பு நின்றது. இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் தங்கள் துப்பாக்கிகளை மடக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

குழலைச் சுத்தம் செய்து கடைசியாக அவளைச் சுட விட்டார்கள். ஐந்து குறியில் நாலு விழுந்தது.

வீட்டு வாசலிலேயே தங்கராஜு, "எத்தன விழுந்துச்சு?" என்றார். அவள் பையிலிருந்த சான்றிதழை எடுத்துக் காட்டவில்லை. காகிதத்தில் மடித்து வந்த சந்தனக் கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

தங்கராஜுவின் முகம் வெளுத்தது. அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"வருஷா வருஷம் நானும் அங்கதான்மா வச்சேன். ஒரு நாளும் உள்ள பார்த்ததில்ல. நீ மட்டும் இன்னிக்கு..."

இடது கை இடுப்பிலிருந்த சாவியைத் தடவியது. முடிச்சு அவிழவில்லை. அவிழ்த்துவிட அவள் குனிந்தாள்.

"இரு, நானே அவுக்கிறேன்." வெகு நேரம் போராடி அவிழ்த்து, சாவியை அவள் கையில் வைத்தார். "நாளைக்குக் காலையில கன்னு பக்கம் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறியா? பின்னால நிக்கிறேன்."

"வாங்க," என்றாள் யோகேஸ்வரி. "ஆனா பின்னாலதான் நிக்கணும். அதான் ரூல்."