ஆர்விட் டோலெஃப்சனின் ரத்த அழுத்தமும் ஏழாம் தடமும்

எங்கள் ஊரில் ஒருவர் “பரவாயில்ல” என்று சொன்னால் அவருக்கு லாட்டரி விழுந்திருக்கலாம். கால் ஒடிந்தும் இருக்கலாம். குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், ஹாக்கன் என்ற இந்த ஊரில், எழுநூற்றுச் சொச்சம் பேர் இப்படிப் பரவாயில்லாமல் வாழ்ந்து வருகிறோம்.

ஆர்விட் டோலெஃப்சனும் அப்படித்தான். வயது அறுபத்தொன்று. நிலத்தை விற்ற பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். ஏழாம் தடத்தில் இது இருபத்திரண்டாவது வருடம். காலை ஆறு இருபதுக்கு ஏறி உட்கார்ந்தால் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறங்குவார். இடையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்தாறு பண்ணை வீடுகள். கழிப்பறை ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகளை வண்டியில் விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஆர்விட்டுக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை. அந்த வண்டியைத் தவிர, விடிந்ததும் எழுந்திருக்க அவருக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

பேருந்து ஓட்டுகிறவர்கள் உடல்தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும். நவம்பர் மாதம் அதைப் புதுப்பிக்கப் போனபோது, மருத்துவமனை நர்ஸ் ஜெனிவா ராஸ்க் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்று அறுபத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு. மறுபடி அடித்தாள். இயந்திரம் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

“தலைவலி ஏதாவது இருக்கா ஆர்விட்?”

“சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல.”

“மூச்சு வாங்குதா?”

“மாடிப்படி ஏறினா வாங்கும். எங்க வீட்ல மாடி இல்லியே.”

ஜெனிவா சிரிக்கவில்லை. “இந்த நம்பருக்கு மூணு மாச அட்டைதான் தர முடியும். பிப்ரவரியில நூத்திநாப்பதுக்குத் தொண்ணூறத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா வண்டியத் தொட முடியாது. டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு, தினமும் காலையில ஒண்ணு. உப்பக் குறைங்க. தினம் அரைமணி நேரம் நடங்க.”

கூடவே ஒரு துண்டறிக்கையும் கொடுத்தாள். அதில் ஒரு கணவனும் மனைவியும் கீரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹாக்கனில் கீரையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

ஆர்விட்டின் மனைவி மார்லிஸ் செய்த ஒரே தப்பு, தேவாலயப் பிரார்த்தனைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அந்தப் பட்டியல் பரம ரகசியம். அதாவது புதன்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வியாழக்கிழமை முதல் பாத்திரம் வந்து இறங்கியது.

யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஹாட்டிஷ். அடியில் மாட்டிறைச்சிக் கொத்து, நடுவில் டின்னில் அடைத்த காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், அதற்கும் மேலே பாலாடைக்கட்டி. அந்த சூப் டின் ஒன்றில் இருக்கும் உப்பைத் தூவினால் பனிக்காலத்தில் பாதித் தெருவின் பனியைக் கரைத்து வழுக்காமல் செய்துவிடலாம். இரத்த அழுத்தம் கூடிய மனிதருக்கு இரண்டு வாரத்தில் இப்படி ஒன்பது பாத்திரங்கள் போயின. ஒன்று நான் கொடுத்தது.

“வேண்டாங்க, எதுக்குச் சிரமம்” என்று ஆர்விட் சொல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் முதல் இரண்டு ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. மூன்றாவது முறை நீட்டும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறையும் மறுத்தால் அது சண்டை. பேரப்பிள்ளைகள் காலம்வரை நீளும்.

“உப்பு கம்மியாத்தான் போட்டேன்” என்று பக்கத்து வீட்டு லவான் சொன்னாள்.

“சூப்பு?”

“சூப்பு போடாம எப்படி ஹாட்டிஷ் பண்றது? கேக்கறான் பாரு கேள்வி!”

நடக்கவும் பார்த்தார் மனிதர். பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரியில், காது மூடிய தொப்பியோடு, கிராமச் சாலையில் இறங்கினார். இருநூறு அடி போவதற்குள் ஒரு டிரக் நின்றது.

“வண்டி ரிப்பேரா ஆர்விட்? ஏறு.”

“இல்லப்பா, சும்மா நடக்கிறேன்.”

“சும்மாவா? மார்லிஸோட சண்டையா? ஏறு, ஏறு.”

“உடம்புக்கு நல்லதாம்.”

“இந்தக் குளிர்லயா? ஏறுப்பா, ஹீட்டர் போட்டிருக்கேன்.”

மூன்றாவது தடவை. ஏறிவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டுக்கு வெளியே நடந்த தூரத்தைச் சேர்த்தால் தபால் பெட்டி வரை போய்த் திரும்பலாம். பிறகு பேருந்தை நிறுத்திய கையோடு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே நடக்க ஆரம்பித்தார். அங்கே குளிர் இல்லை, டிரக் இல்லை. சமையலறைப் பெண்கள் இருந்தார்கள். நடக்கிற மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சுற்றுக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி நீட்டினார்கள்.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி. உண்மையான விஷயம் அந்த மாத்திரை. அது உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் இறக்கும் மாத்திரை. இறங்குகிற நீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். முதல் திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு ஒன்றை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தார். பதினோராவது பண்ணை வீட்டில் ஆரம்பித்த அவஸ்தை இருபத்தாறாவது வீட்டைக் கடந்து பள்ளி வாசல் வரை நீடித்தது. இரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது அவர் கண்ணில் நீர் முட்டியதை ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் பார்த்துவிட்டு, “மிஸ்டர் டோலெஃப்சன் அழறாரு” என்று வீட்டில் போய்ச் சொன்னாள். அதற்காக இன்னொரு ஹாட்டிஷ் வந்தது.

மறுநாள் ஆர்விட் ஒரு முடிவுக்கு வந்தார். சனி, ஞாயிறு மட்டும் மாத்திரை. வண்டியைக் காப்பாற்றத் தந்த மாத்திரையை, வண்டி ஓட்டுவதற்காக வாரத்தில் ஐந்து நாள் நிறுத்திவிட்டார். மார்லிஸ் ஜனவரியில் மாத்திரைக் குப்பியை ஆட்டிப் பார்த்தாள்.

“என்ன இவ்வளவு மிச்சம் இருக்கு?”

“நிறைய குடுத்துட்டாங்க போல.”

“ஜெனிவாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?”

“அவளுக்கு ஆயிரம் வேல. எதுக்குத் தொந்தரவு பண்ற?”

பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமையாக இருந்தாலாவது ஞாயிறு போட்ட மாத்திரை கொஞ்சம் கைகொடுத்திருக்கும். நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நான்கு. ஜெனிவா மூன்று முறை காற்றடித்தாள். இடையில் பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அவரைத் தனியாக உட்கார வைத்தாள். அவள் மகனும் ஏழாம் தடத்துப் பேருந்தில்தான் பள்ளிக்குப் போய்வந்தான்.

“தினமும் மாத்திரை போட்டீங்களா?”

“பெரும்பாலும்.”

“ஆர்விட்.”

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

ஜெனிவா நாற்காலியில் சாய்ந்தாள். “அட கடவுளே. அந்தத் தொல்லை இல்லாத மாத்திரை வேற இருக்கே! நவம்பர்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்போமே.”

“உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு...”

“இப்ப நான் அட்டையில கையெழுத்துப் போட முடியாது. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். பரவாயில்ல.”

வேறு மாத்திரை கிடைத்தது. வண்டி இல்லை, ஆகவே நேரம் கிடைத்தது. மூன்று வாரத்தில் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பது. ஜெனிவா அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது அவரைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேருக்கும் அது மிகவும் கஷ்டமாக இருந்தது.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளி நிர்வாகி ஆட்ரி க்ராம்ப்பிடம் போனார். ஆட்ரி எழுந்து நின்றாள். அதுவே நல்ல அறிகுறி இல்லை.

“பிள்ளைங்கள ஒரு நாள்கூட ரோட்ல நிக்க வைக்க முடியாதே ஆர்விட். பக்கத்து மாவட்டத்து பஸ் கம்பெனிகிட்ட ஏழாம் தடத்த ஒப்பந்தம் பண்ணிட்டோம். ஜூன் வரைக்கும். அதுக்கப்புறமும் அவங்களே தொடர்றதாத்தான் போர்டு பேசிக்கிட்டிருக்கு.”

“நியாயந்தான்.”

“ஒரு உதவி பண்ணுவீங்களா? அவங்க ஓட்டுநருக்கு வழி சரியாத் தெரியல. ரெண்டு நாள் கூடப் போய்க் காட்டினா...”

அவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். ஆட்ரி மூன்றாவது தடவை கேட்டாள்.

அப்படித்தான் மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் அட்டையோடு, ஆர்விட் தன் பேருந்தில் முதல் வரிசையில் பயணியாக உட்கார்ந்து போனார். ஓட்டியது ரோக்ஸி ப்ராட்டன். ஐம்பது வயதிருக்கும். கெட்டிக்காரி, கண்ணாடியைப் பார்க்காமலே பின்னால் சண்டை போடுகிறவனைப் பெயர் சொல்லி அதட்டினாள். எங்கே நாய் குறுக்கே பாயும், எந்தப் பெண் எப்போதும் ஒரு காலணியோடு ஓடி வருவாள் என்று ஆர்விட் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் குரலில் ஒரு வருத்தமும் தெரியவில்லை என்று ரோக்ஸி பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

பன்னிரண்டாவது வீட்டைத் தாண்டியதும் அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன.

“உங்களுக்குப் பிரஷர் நல்லா இறங்கிடுச்சாமே. எனக்கும் மே மாசம் அட்டை புதுப்பிக்கணும். போன தடவ மூணு மாசத்துக்குத்தான் குடுத்தாங்க. என்ன பண்ணீங்க?”

“உப்பக் குறைச்சேன்.”

“அவ்வளவுதானா? எனக்கு டாக்டர் ஒரு மாத்திர குடுத்திருக்காரு. ஆனா அதக் காலையில போட்டா...” அவள் நிறுத்திக்கொண்டாள். கழுத்து சிவந்தது. “சரி விடுங்க. பெருசா ஒண்ணும் இல்ல.”

ஆர்விட்டுக்குப் புரிந்துவிட்டது. இந்த மாநிலத்திலேயே அவருக்குத்தான் அது அவ்வளவு நன்றாகப் புரியும். வேறு மாத்திரை இருக்கிறது, ஜெனிவாவிடம் கேள்: ஐந்தே சொற்கள். பின்னால் அதுவரை ஏறியிருந்த பதினைந்து இருபது பிள்ளைகள். பக்கத்தில், நேற்றுத்தான் அறிமுகமான ஒரு பெண்மணி. வாயைத் திறந்தார். காது வரை சூடேறியது.

“இந்த வருஷம் பனி சீக்கிரம் கரைஞ்சிடும் போல” என்றார்.

“ஆமா, அப்படித்தான் தெரியுது” என்றாள் ரோக்ஸி, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் பதினான்கு வீடுகள் இருந்தன.