இழுத்துப் பழகிய கை

"எடுக்காதேங்கோ, எடுக்காதேங்கோ. அது சொல்லட்டும்," என்கிறாள் சுலோஜனா. மருந்துக்கடைக்காரரின் விரல்கள் அட்டையின் நுனியை விடுவதாக இல்லை. இயந்திரத்தில் செருகி இரண்டு விநாடி ஆகியிராது, அதற்குள் உருவிவிட்டார். திரையில் பிழை என்று வருகிறது. சுலோஜனா அட்டையை வாங்கி, துடைத்து, மறுபடி அவர் கையிலேயே கொடுக்கிறாள். நான்காவது தடவையும் அதே கதை. ஐந்தாவது தடவை இயந்திரம் ஒரு கீச்சொலி எழுப்பிச் சிலிப்பை வெளியே தள்ளுகிறது. மருந்துக்கடைக்காரர் பரீட்சை எழுதியவர் போல அவள் முகத்தைப் பார்க்கிறார்.

"பரவாயில்லை," என்கிறாள். அதற்கு மேல் அவள் யாரையும் மெச்சியதாகத் திருகோணமலையில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

வங்கி அட்டையால் காசு வாங்கும் காட் மெசினைக் கடைகளுக்கு வைத்துக் கொடுக்கும் ஒரு கொழும்புக் கம்பனியின் ஆள் அவள். வயது நாற்பத்து மூன்று. உவர்மலையில் வீடு. காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் இறங்கினால் ஒரு நாள் டொக்யாட் வீதி, ஒரு நாள் உப்புவெளி விடுதிகள், ஒரு நாள் கிண்ணியா. மாதத்தில் ஒருமுறை மூதூர் தாண்டி வெருகல் வரையும் போய்வர வேண்டும். சந்தைக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தினால், ஊருக்குள் திரியும் மான்கள் வந்து ஆசனத்தை முகர்ந்து பார்க்கும் என்பதால் மெசின் பெட்டிகளை எப்போதும் தன்னோடே தூக்கிக்கொண்டு போகிறாள். மட்டைப் பெட்டி என்றால் மான்களுக்குப் பலகாரம்.

இந்த வருடம் அவளுக்குத் தரப்பட்டிருக்கும் வேலை ஒன்றுதான்: இழுப்பதை நிறுத்துவது. வங்கி அட்டையின் பின்புறத்தில் கறுப்பாக ஒரு பட்டி இருக்கும். இவ்வளவு காலமும் கடைக்காரர்கள் அதைத்தான் மெசினின் பக்கவாட்டில் ஒரே வீச்சில் இழுத்துவந்தார்கள். அந்தப் பட்டியை எவரும் படியெடுத்து இன்னொரு அட்டையில் ஏற்றிவிடலாம். முன்புறத்தில் இருக்கும் சிப்பை அப்படிச் செய்வது கடினம். ஆகவே அட்டையை இழுக்காமல், மெசினின் அடிப்பக்க வாயில் செருகி, அது முடிந்தது என்று சொல்லும் வரை உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். தொட்டுக் காட்டினால் போதும் என்பதெல்லாம் சின்னத் தொகைகளுக்குத்தான். இழுப்பதை விடாத கடையிலிருந்து மெசினைக் கழற்றிக்கொண்டு வரும்படி வங்கி எழுத்தில் அறிவித்திருக்கிறது. கழற்ற வேண்டியவளும் சுலோஜனாதான்.

மெசினை மாற்றப் பத்து நிமிடம் போதும். கையை மாற்றுவதுதான் பாடு. "முதலாளிமாருக்கு எல்லாம் விளங்கும். மூளைக்கு விளங்கி என்ன பிரயோசனம், கைக்கெல்லோ விளங்க வேணும்," என்பது அவளுடைய முறைப்பாடு. அதற்காகவே அவளிடம் ஒரு சோதனை இருக்கிறது. சரியாகச் செய்யப் பழகிவிட்டேன் என்று சொல்பவரிடம் பரீட்சை அட்டையைக் கொடுத்துவிட்டு, சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பாள். மகளின் கலியாணப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது, பாரை மீன் இன்று என்ன விலை. ஆள் கதையில் இறங்கிய பிறகு கை என்ன செய்கிறது என்று பார்ப்பாள். கதையோடு கதையாகக் கை அட்டையைச் செருகிவிட்டு விலகினால் தேர்ச்சி. இழுத்தால் அடுத்த கிழமையும் வருவாள். மனிதன் தான் அறிந்தபடி நடப்பதில்லை, பழகியபடி நடக்கிறான் என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இருநூறு கடைகளில் பார்த்திருக்கிறாள்.

உப்புவெளி விடுதி ஒன்றின் முகாமையாளன் தர்சன் அவளைத் தூரத்தில் கண்டதுமே குரல் கொடுப்பான்: "அது-சொல்லட்டும் அக்கா வாறா!"

"அது சொல்லுது தம்பி. நீர்தான் கேக்கிறேல்லை," என்பாள் சுலோஜனா, சிரிக்காமல்.

இதற்குள் கடைக்காரர்கள் ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். சிப் மூன்று தடவை வேலை செய்யாவிட்டால், பழுதான சிப் என்று நினைத்து, மெசின் நான்காம் தடவை இழுக்க அனுமதிக்கும். அட்டையைத் தலைகீழாக மூன்று முறை செருகிவிட்டு இழுத்தால் போதும். இந்த வித்தை டொக்யாட் வீதியில் தொடங்கி ஒரு கிழமைக்குள் கிண்ணியாப் பாலத்தையும் கடந்தது. எந்தக் கடையில் இப்படி எத்தனை நடந்தது என்று மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பட்டியல் வரும். வைகாசி மாதப் பட்டியலின் உச்சியில் கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் கடை இருந்தது.

துறைமுகத்துப் பக்கம் வலை, நைலோன் கயிறு, படகு இஞ்சின் சாமான் விற்கும் பெரிய கடை அது. ஹாஜியாருக்கு அறுபத்தொன்பது வயது. நாற்பது வருடமாக அதே கண்ணாடி பதித்த மர மேசைக்குப் பின்னால், அதே கதிரையில். படகுக்காரர்கள் அட்டையை நீட்டுவார்கள். அவர் அதை வாங்கி, மெசினை மேசைக்குக் கீழே மடியோடு வைத்துக்கொண்டு, மூன்று முறை தலைகீழாகக் குத்தி, நான்காவதில் சரக்கென்று ஒரு இழுவை இழுப்பார். முதல் தடவை போனபோதே சுலோஜனா தன் கண்ணாலேயே கண்டாள்.

"ஹாஜியார், நீங்களுமோ?"

"ஆக்கள் அவசரப்படுறாங்க புள்ள. செருகிக் காட்டுறதுக்குப் பொறவொரு நாள் வாங்களன்."

அவசரம் என்றுதான் அவளும் நினைத்தாள். மற்றக் கடைகளில் அது அவசரம்தான். வங்கியின் அறிவித்தலை வாசித்துக் காட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாம் தடவை போனபோது பரீட்சை அட்டையை மேசையில் வைத்தாள். ஹாஜியார் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். மழை வருமா என்று கேட்டார். உள்ளே வேலை செய்யும் ஹஸ்மியைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்ரீ எடுப்பித்தார். சுலோஜனா தன்னுடையதைக் குடித்து முடித்தாள். ஹாஜியாருடையது ஆறிக்கொண்டே இருந்தது. போன தடவையும் அவருடைய தேநீர் அப்படியே இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மேசைக்கு மேலே அவருடைய இடது கை மட்டும்தான் இருந்தது. வலது கையை அவள் இன்னும் காணவில்லை.

சுலோஜனா எழுந்து போய், கடை வாசலில் தொங்கிய கயிற்றுச் சுருள் ஒன்றைப் பார்ப்பது போல நின்றாள். பின்னால் கோப்பையும் தட்டும் படபடவென்று மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். தட்டில் பாதித் தேநீர் கொட்டியிருந்தது.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

ஹாஜியார் ஹஸ்மி உள்ளே போய்விட்டானா என்று பார்த்துக்கொண்டார். "போன நோன்புக்கு முந்தி. ஒண்டு சொல்றன் புள்ள, வெளிய போகப்படாது. இழுக்கிறதெண்டா ஒரு வீச்சு. அதில நடுக்கம் தெரியாது. செருகிறதெண்டா வாயத் தேடோணும். தேடுற நேரம் கண்ட எல்லாரும் பாப்பாங்க."

"டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"காட்டின. குளிச குடுத்திருக்காரு. அதில்ல பிரச்சின. மூத்தவன் இக்ராமு டோஹாவில இரிந்து கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கான். கடையக் குடுத்துப்போட்டு வீட்ட இரிங்க வாப்பா எண்டு. கை நடுங்குதெண்டு கேள்விப்பட்டானெண்டா அடுத்த பிளேன்ல வந்து நிப்பான். வீட்ட இரிந்து நான் என்னத்தப் பாக்கிற? சுவரையா?"

"அப்ப ஹஸ்மி செய்யட்டுமே."

"நான் இந்தக் கதிரையில இரிக்கக்குள்ள இன்னொருத்தன் காட்ட வாங்கினா? ஹாஜியாருக்கு என்ன நடந்த எண்டு அசர் தொழுகைக்கு முந்தி ஊரெல்லாம் கேக்கும்."

"வாறவையையே போடச் சொல்லுங்கோவன். மெசினை அவையின்ட பக்கம் திருப்பி வையுங்கோ."

ஹாஜியாரின் முகம் மாறியது. "வந்தவனப் பாத்து நீயே போடு எண்டு சொல்றதா? நல்ல கதை. அவன்ட கையால வாங்கி அவன்ட கையில குடுக்கிறதுதான் புள்ள யாவாரம்."

சுலோஜனா பரீட்சை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு மெசின் போவது பற்றி அவள் பேசப் போயிருந்தாள். அவர் பேசியது ஒரு கதிரை போவது பற்றி. இரண்டும் ஒன்றுதான் என்பது ஸ்கூட்டரில் திரும்பும்போதுதான் அவளுக்குத் தெளிவானது. மெசின் இல்லாவிட்டால் படகுக்காரர்கள் அடுத்த வீதிக்குப் போவார்கள். யாவாரம் படுத்தால் மகன் சொல்லும் நியாயத்துக்கு மறுமொழி இராது.

கழற்றுவதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டிய நாளில் மூன்றாம் தடவை போனாள். கையில் கம்பனிப் படிவம். அதில், இழுவைகள் கூடியதற்குக் காரணம் என்ற கட்டத்துக்குக் கீழே மூன்று தெரிவுகள்தான்: இயந்திரப் பழுது, கடைக்காரரின் தவறு, பயிற்சிக் குறைபாடு. சுலோஜனா கடைக்கு வெளியே நின்றபடியே மூன்றாவதற்கு நேரே சரி அடையாளம் போட்டாள். அது அவளுடைய பெயரில் விழும் குறை. வருட முடிவில் சம்பளம் பேசும்போது யாராவது எடுத்துக் காட்டுவார்கள். இதைப் பெரிய மனது என்று சொல்லத் தேவையில்லை. அவள் உண்மை என்று நம்பியதைத்தான் குறித்தாள். இருநூறு கடைகளில் கடைக்காரர்களின் கைக்குப் படிப்பித்தவள், அட்டையை நீட்டும் கைக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை.

உள்ளே போய், கொண்டுவந்த ஒரு தாங்கியை மேசையின் கண்ணாடியில் ஒட்டி, மெசினை அதில் பொருத்தினாள். இனி அது அசையாது. வாய் வெளிப்பக்கம் பார்த்தது. பக்கத்தில் ஒரு மட்டையை நிறுத்தினாள். அவளுடைய எழுத்துத்தான்: உங்கள் அட்டையை வேறெவர் கையிலும் கொடுக்க வேண்டாம். நீங்களே செருகுங்கள்.

ஹாஜியார் மட்டையை இரண்டு தரம் வாசித்தார். "இது பேங்க் சொன்னதா, நீங்க சொன்னதா?"

"பேங்க் எப்பவோ சொன்னது. நாங்கள்தான் ஆக்களுக்குச் சொல்லேல்லை."

"ம்."

"ஹாஜியார், காசெண்டா நீங்கள் கையால வாங்கத்தான் வேணும், அது உங்களுக்கு வாறது. காட் அவையின்ட. அதைத் தொடாமல் விடுறதும் ஒரு மரியாதைதான்."

ஹாஜியார் இடது கையால் மட்டையைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார். வெளியே ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. "இண்டைக்கு ஒரு யாவாரத்தை என்ட கண்ணால பாத்திட்டுத்தான் நான் எழுதலாம்," என்றாள் சுலோஜனா. "சரிவராட்டிக் கழட்டிக்கொண்டு போக வேணும். பொய் எழுத என்னால ஏலாது."

"பொய் எழுதாதீங்க," என்றார் ஹாஜியார்.

பதினொரு மணி போல பஸ்லான் வந்தான். இரண்டு படகுகள் வைத்திருப்பவன், பெரிய குரல். ஹஸ்மி வலையை அளந்து கட்டிக் கொடுக்க, பஸ்லான் வழக்கம் போல அட்டையை ஹாஜியாரின் மூக்குக்கு நேரே நீட்டினான். மேசைக்கு மேல் எந்தக் கையும் எழவில்லை. நீட்டிய அட்டை அப்படியே நின்றது.

"நீங்களே போடுங்க தம்பி," என்றார் ஹாஜியார்.

பஸ்லானின் புருவம் ஏறியது. "என்ன ஹாஜியார், என்ட காட்டுல ஊத்தையா?"

ஹஸ்மி வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். சுலோஜனா படிவத்தின் மேல் குனிந்துகொண்டாள். இது அவர் சொல்ல வேண்டியது.

"ஊத்தையெண்டா தொடச்சிப் போடுங்க," என்றார் ஹாஜியார். "ஒங்கட காட்ட இனி நான் தொடப்படாது. கண்டவனெல்லாம் கையில வாங்கித்தான் கள்ளக் காட் அடிக்கான். ஒங்கட சாமான் ஒங்கட கையிலயே இரிக்கட்டும்."

பஸ்லான் மட்டையை வாசித்தான். பிறகு சிரித்தான். "சம்பளமில்லாம நம்மளையும் வேலைக்கு எடுத்திட்டீங்க." அட்டையைச் செருகினான். செருகிய வேகத்திலேயே உருவினான். பிழை.

"அவசரப்படாதீங்க. உள்ளுக்கே கெடக்கட்டும். கையக் கொண்டுபோய்ப் பொக்கற்றுல வையுங்க," என்றார் ஹாஜியார். பஸ்லான் பள்ளிக்கூடப் பிள்ளை போல இரண்டு கைகளையும் இடுப்புச் சாரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மெசின் யோசித்தது. கீச்சென்றது. முதல் சிலிப் வந்தது.

சுலோஜனா படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'இயந்திரம் கடையிலேயே இருக்கட்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

பஸ்லானுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாவது சிலிப்பும் வந்து மெசினின் தலையில் தொங்கியது. கிழித்துக் கொடுப்பதற்காக அவளுடைய கை தானாகவே நீண்டது. அதே நேரம் மேசைக்குக் கீழிருந்து ஹாஜியாரின் வலது கை மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. தாளின் ஓரத்தை அது ஒருமுறை தவறவிட்டது, இரண்டாம் முறையும் தவறவிட்டது. பஸ்லான் பார்த்துக்கொண்டிருந்தான். சுலோஜனா நீட்டிய கையைப் பாதி வழியில் மடக்கி, மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.