கிரீடத்துக்கு ஒரு பிடி அரிசி

என் அப்பா சன்னாசி கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வருடத்தில் ஒரு நாள், மாரியம்மன் திருவிழா மேடையில், ராஜா.

நாடகத்தை எழுதியதும் அவரே. நம்பிய மந்திரியால் நாட்டை இழக்கும் ராஜாவின் கதை. மந்திரி வேடம் அடுத்த வீட்டு மாயாண்டிக்கு. அப்பாவின் கூட்டாளி, எனக்குச் சித்தப்பா. அவருக்கு அப்பா மூன்று மாதம் ஓர் அசைவைப் பழக்கினார். பொய்யாக ஆமாம் சொல்லும் முன் முகவாய் இடப்பக்கம் சாயும். மூன்று எண்ணும் நேரம் நிற்கும். பிறகு மெல்ல இறங்கும்.

ராஜா அரண்மனையை விட்டு இறங்கியபோது பெண்கள் அழுதார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் திடலில், உடன் சீவும் மங்கம்மா மாயாண்டியை விடவில்லை.

"ராஜாவ வித்துப்புட்டு வாளியத் தூக்கிட்டு வந்துட்டியாலா?"

திடலே சிரித்தது. அப்பாவும்.

1952. வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசியும் கொண்டுபோகக் கூடாது. அடுத்த திருவிழா நெருங்கியது. மழையில் கிரீடத்தின் அட்டை பிரிந்துவிட்டது. ஒட்டினால் வீட்டில் காயவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டு வேலிக்கு வெளியே, நாற்பத்திரண்டு அடி தூரத்தில். நானே அளந்தேன். அப்பா ஒரு பிடி அரிசியை மடியில் முடிந்துகொண்டு போய், அங்கேயே பசை காய்ச்சி ஒட்டி உலர்த்தினார். உடன் இருந்தது மாயாண்டி மட்டும்.

நான்காம் நாள் போலீஸ் லாரி வந்தது. அதில் ஓர் ஆள், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு துளை. தோட்டத்தார் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தார்கள். அவன் தலையசைத்தால் கைது. அப்பா வந்ததும் சாக்கு இடப்பக்கம் சாய்ந்தது. நின்றது. மெல்ல இறங்கியது.

சாக்குக்குள் இருந்தவன் பெயரை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் காட்டுக்காரர்கள் மாயாண்டியைத் தீர்த்திருப்பார்கள். யாரென்றே தெரியாதவர் போல விழித்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

பதினொரு நாள் கழித்துத் திருவிழா. மாயாண்டி ராஜா. அதே கிரீடம். காட்டிக் கொடுத்தது வேடத்துக்காகவா, தன் கழுத்தைக் காப்பாற்றவா, தெரியாது.

இரண்டு வருடத் தடுப்பு முகாமிலிருந்து அப்பா இருமலோடு திரும்பினார். மேடை ஏறவில்லை. ஆனால் மாயாண்டியோடு தினமும் தேநீர் குடித்தார். டெக்னிக்கல் பள்ளியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அந்த ஆளின் காலில் விழுந்திருக்கிறேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சாக்குக்குள் இருந்தது யார் என்று போன மாதம்தான் என்னிடம் சொன்னார்.

"ஏழு வருஷமா ஏன்ப்பா மறைச்சீங்க?"

"உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்டா. உனக்கு நடிப்பு வராது."

செவ்வாய்க்கிழமை இறந்தார். வாய்க்கரிசித் தட்டு என் கையில் இருந்தது. மாயாண்டி மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"ராஜா போயிட்டாருடா தம்பி."

அரிசிக்குக் கை நீட்டினார்.

"சித்தப்பா, புகைக்கூண்டுக்கு அப்பா அரிசி கொண்டுபோனத நீங்க யாருகிட்டயும் சொல்லலதானே?"

அழுகை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முகவாய் இடப்பக்கம் சாய்ந்தது. நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

அது இறங்குவதற்குள் தட்டை அடுத்தவரிடம் நீட்டினேன்.