மூட்டையா ஏறின கொடி

ஆகஸ்ட் பதினஞ்சு வந்தா எங்க தெரு வாசகசாலை வாசல்ல கொடி ஏத்துவாங்க. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குக் கொடி ஏத்தறதப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. பெருமாள் கோயில் கொடியேத்தம் பாத்தே வளந்த ஊரு. அதனால இந்தக் கொடிக்கும் ஆளாளுக்கு ஒரு சட்டம் வச்சிருப்பாங்க. செருப்போட கம்பத்துக்கிட்ட போகக்கூடாதும்பாரு ஒருத்தர். கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைக்கணும்பாங்க ஒரு மாமி. சொல்றதோட நிக்க மாட்டாங்க, விடியறதுக்குள்ள வச்சிட்டும் போயிடுவாங்க.

நான் அப்ப பாலக்கரைப் பக்கம் ஒரு லாரி ஷெட்டுல வேலைல இருந்தேன். எட்டாங் கிளாஸ்ல ரெண்டு வருஷம் உக்காந்து பாத்துட்டு, அந்த பெஞ்சுக்கு என்னைய பிடிக்கலைன்னு தெரிஞ்சதும் மரியாதையா எந்திரிச்சு வந்தவன். ஷெட்டுல சரக்கு மேல தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டறதுதான் என் வேல. நான் போட்ட முடிச்சு மணப்பாறை தாண்டி, திண்டுக்கல் தாண்டி, மதுரைல எறக்குற வரைக்கும் அசையாது. அப்ப எனக்கு வயசு இருவது. வாய்க்கு மட்டும் நாப்பது.

அந்த வருஷம் கொடி ஏத்த வரேன்னு ஒத்துக்கிட்ட பெரிய மனுஷர், முதநாள் சாயங்காலம் ஆள் விட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டாரு. எங்க வாசகசாலை செக்ரட்டரி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். தலைல கை வச்சுக்கிட்டு வாசப்படில உக்காந்துட்டாரு.

"எதுக்குண்ணே கவலப்படறீங்க, நம்ம நர்சம்மாவக் கூப்பிடுங்க. இந்தத் தெருவுல முக்காவாசிப் பேர வெளிய கொண்டாந்ததே அவங்கதான். அவங்கள விடப் பெரிய ஆளு யாரு?"ன்னேன்.

நான் வெளையாட்டாத்தான் சொன்னேன். அவரு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு.

நர்சம்மான்னு நாங்க கூப்பிடறது முனிசிபாலிட்டி மருத்துவச்சிய. அம்பது வயசு இருக்கும், கிறிஸ்துவங்க, பக்கத்துத் தெருவுல தனியா இருந்தாங்க. நாங்க போறப்ப கெணத்துல தண்ணி எறச்சுக்கிட்டிருந்தாங்க. விஷயத்தச் சொன்னதும் கயித்த விட்டுட்டாங்க. வாளி தொபுக்குன்னு உள்ள போயிடுச்சு.

"என்னையவா? வீட்டுக்கார ஐயா ஒத்துக்குவாரா?"

வாசகசாலை இருந்தது ஒரு ஐயங்கார் மாமா வீட்டு முன்ரூம்ல. கோயில் காரியத்துல ஊறினவரு. ரூமுக்கு வாடகை கேக்க மாட்டாரு. அதுக்குப் பதிலா எல்லாத்துலயும் அபிப்பிராயம் சொல்லுவாரு. அவர்கிட்ட கேட்டுட்டு வரேன்னு செக்ரட்டரி ஓடினாரு. நான் வாளிய எடுக்கக் கொக்கி வச்ச பாதாளக் கொலுசு போட்டுத் தேடிக்கிட்டிருந்தேன்.

"டேய், இந்தத் தெருவுல நான் போகாத வீடு இல்ல. எல்லாம் கொல்லப்பக்க வழியா. வேல முடிஞ்சா அப்படியே வந்துடுவேன். நாளைக்குத்தான் மொத மொதல்ல வாசல்ல, எல்லாரும் பாக்க நிக்கப் போறேன். நீ ஏதாவது குறும்பு பண்ணிக் கெடுத்து வச்சிடாத."

"நானா? என்னையப் பாத்தா அப்படியா தெரியுது?"

"ஒன்னைய எனக்குத் தெரியாதா? புள்ளைங்கன்னா தல குடுத்து வரும். நீ கால நீட்டிக்கிட்டு வந்தவன்."

செக்ரட்டரி திரும்பி வந்தாரு. மாமா சரின்னுட்டாராம். ஆனா ஒண்ணு, கொடி ஒழுங்கா ஏறலைன்னா அடுத்த வருஷம் கம்பத்த வேற யாராத்து வாசல்லயாவது நட்டுக்கச் சொன்னாராம். நர்சம்மா மொகம் சின்னதாப் போச்சு. ஆனாலும் மாட்டேன்னு சொல்லல.

வழக்கமா எங்களுக்குக் கொடி மடிச்சுக் கட்டித் தர்றவரு ஒரு டிரில் மாஸ்டர். அந்த வருஷம் அவருக்கு வேற எடத்துல வேல. "கயிறு சமாச்சாரம்தானே, என்கிட்ட விடுங்கண்ணே"ன்னேன். கொடிய மடிச்சு உள்ள ஒரு கை பூ வச்சு, லேசா ஒரு சுருக்குப் போட்டுக் கட்டணும். மேல போனதும் கயித்தச் சுண்டினா சுருக்கு அவுந்து கொடி விரியும், பூ கொட்டும். இவ்வளவுதான் வித்த.

சாத்தார வீதில பூ வாங்கறப்பதான் எனக்குப் புத்தி வேல செய்ய ஆரம்பிச்சது. ஒரு கை பூ எந்த மூலைக்கு? நர்சம்மா கயித்தச் சுண்டினதும் கொட்டற பூவுல ஆளே தெரியக்கூடாது, பக்கத்துல நிக்கிற செக்ரட்டரி தும்மித் தீக்கணும். முக்கால் கூடை பூ வாங்கினேன், சாமந்தியும் ரோஜாவும். விடிகாலைல கொடிய விரிச்சு அத்தனையும் உள்ள அமுக்கினேன். கொடி தலகாணி மாதிரி உப்பிப் போச்சு. சுருக்குப் போட்டா நிக்கல, ரெண்டு தடவ பிதுங்கி எல்லாம் தரைல கொட்டிடுச்சு. மூணாவது தடவ கை தானா லாரி முடிச்சப் போட்டுடுச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவால்ல, தூறல் வேற போட்டு நூல் கயிறு நல்லா நனஞ்சு இறுகிப் போச்சு.

நர்சம்மா திருச்சில காலைப் பூசைய முடிச்சுட்டு பஸ்ஸுல வந்து எறங்கினாங்க. கஞ்சி போட்ட வெள்ளப் பொடவ மொடமொடன்னு நின்னுச்சு.

"எங்களுக்கும் இன்னிக்குத் திருநாள்டா. மாதாவ மோட்சத்துக்குக் கூட்டிக்கிட்ட நாள்"ன்னாங்க.

"அவங்களும் இதே நாள்ல வெள்ளக்காரனோட சேந்து கெளம்பிட்டாங்களா?"

"வாய மூடுடா"ன்னு சொல்லிட்டு, பொடவ மடிப்பச் சரி பண்ணிக்கிட்டே, "கயிறு எந்தப் பக்கம் இழுக்கணும்?"னு ரெண்டு தடவ கேட்டாங்க.

தெருவே வாசல்ல நின்னுச்சு. மாமா நாற்காலில உக்காந்திருந்தாரு. புள்ளைங்க பாட்ட ஆரம்பிச்சாங்க. நர்சம்மா கயித்த இழுக்க இழுக்க, மூட்ட ஜம்முன்னு மேல போயி கப்பில நின்னுச்சு. சுண்டினாங்க. ஒண்ணும் ஆகல. இன்னொரு தடவ சுண்டினாங்க. சவுக்குக் கம்பம் வளஞ்சு எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நிமிந்துச்சே தவிர, முடிச்சு அசையல. எம் முடிச்சாச்சே.

புள்ளைங்க பாட்ட முடிச்சுட்டுத் திரும்ப மொதல்லேர்ந்து பாடினாங்க. அதுவும் முடிஞ்சது. கூட்டத்துல யாரோ "சகுனமே சரியில்லையே"ன்னது காதுல விழுந்துச்சு.

"கல்லு விட்டுப் பாக்கலாமாண்ணே?"ன்னேன். யாரும் சிரிக்கல. எனக்கே சிரிப்பு வரல.

செக்ரட்டரி வந்து கயித்துல கைய வச்சாரு. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. ஆம்பளைங்க நாலு பேரு சேந்து இழுத்துப் பாக்கறோம்."

நர்சம்மா கயித்த விடல. அண்ணாந்து அந்த மூட்டைய நல்லாப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க. எனக்கு எங்கயாவது ஓடிடலாம் போல இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள அவங்க மொகத்துல இருந்த படபடப்பு போயிடுச்சு. தொழில்ல எறங்கிட்டா அவங்க மொகம் அப்படித்தான் ஆகும்னு பின்னாடி எங்கம்மா சொல்லிக் கேட்டிருக்கேன்.

"யாரும் இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் இறுகும். கீழ எறக்கிப் பாத்துக்கலாம்"னாங்க.

மாமா நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு. "அதெல்லாம் கூடாது. ஏறின கொடிய நடுவுல எறக்கப்படாது. கோயில்ல உத்சவம் முடியாம கொடி எறங்குமோ?"

"அதுக்காக சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்க முடியுமா மாமா?"ன்னாரு செக்ரட்டரி.

"அதுக்கு நான் என்னடா பண்றது? எறக்கினா உத்சவமே நடக்காத மாதிரி."

நர்சம்மா ரொம்பப் பணிவாத்தான் கேட்டாங்க. "கொடி எங்கங்க ஏறிச்சு? இந்தப் பய கட்டின மூட்டைதானே ஏறியிருக்கு. கொடி இன்னும் வெளியவே வரலையே."

மாமா அண்ணாந்து பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ பாத்தாரு. தெருவே அவரு வாயப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"வாஸ்தவம். மூட்டைய எறக்கப்படாதுன்னு எங்கயும் சொல்லல. எறக்குங்கோ"ன்னுட்டு உக்காந்துட்டாரு.

எறக்கினாங்க. நான் முன்னாடி ஓடி முடிச்சுல கை வச்சேன். நகம்தான் பேந்துச்சு. "தள்ளு"ன்னு சொல்லிட்டு நர்சம்மா கொண்டை ஊசிய உருவி, முடிச்சுக்குள்ள நொழச்சு, அவசரமே படாம இப்படி ஒரு நெம்பு, அப்படி ஒரு நெம்பு. நான் போட்ட முடிச்ச லாரி ஷெட்டுல ஒருத்தனும் இப்படி அவுத்து நான் பாத்ததில்ல. உள்ள இருந்த பூவு அவங்க பாதத்த மூடிக் குவிஞ்சுது.

"என்னடா இது, கொடியா மெத்தையா?"

"உங்க மேல கொட்டட்டும்னுதான்"னேன்.

நர்சம்மா ஒரு கை பூவ மட்டும் அள்ளி வச்சு, கொடிய மடிச்சு, ஈரக் கயித்தத் தூக்கிப் போட்டுட்டு வேற கயிறு கேட்டு வாங்கி, அவங்களே ஒரு சுருக்குப் போட்டாங்க. திரும்ப இழுத்தாங்க. மேல போச்சு. லேசா ஒரு சுண்டு. பட்டுனு விரிஞ்சுது. நாலஞ்சு ரோஜா இதழ் காத்துல சுத்தி வந்து மாமா மடிலதான் விழுந்துச்சு. தெருவே கை தட்டுச்சு. புள்ளைங்க மூணாவது தடவையா பாடினாங்க, இந்தத் தடவதான் சுருதி சேந்துச்சு.

கொடி ஏத்தினவங்க ரெண்டு வார்த்த பேசணும்னு செக்ரட்டரி அறிவிச்சுட்டாரு. நர்சம்மா இத எதிர்பாக்கல. எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாங்க.

"இங்க நிக்கறதுல பாதிப் பேர நான் மொதல்ல பாத்தது அழுகையோடதான். அழலைன்னா தலகீழாப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டியாவது அழ வச்சிருக்கேன். இன்னிக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. எனக்கு அது போதும். முட்டாய் வாங்காம யாரும் போகாதீங்க."

வாசகசாலைல நான் கேட்ட பேச்சுலயே சின்னதும் அதுதான், நல்லதும் அதுதான். மாமா மடில விழுந்த இதழ் ரெண்ட எடுத்துக் கோயில் பிரசாதம் மாதிரி காதுல வச்சுக்கிட்டாரு. செக்ரட்டரியக் கூப்பிட்டு, "அடுத்த வருஷமும் கம்பம் இங்கேயே இருக்கட்டும்"னாரு.

சாயங்காலம் சூரியன் எறங்கறப்ப கொடிய எறக்க நர்சம்மாவே வந்தாங்க. நான் ஒத்தாசைக்குக் கிட்டப் போனேன்.

"நீ அங்கயே நில்லு"ன்னாங்க.

நின்னேன்.